எங்கள் குடும்பத்து கேஸ் ட்ரபிள்

1

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் ஒரு தகவல். ஜெர்மனியில் ஆம்புலன்ஸில் வருகிறவர்கள் காப்பி குடிக்க மாட்டார்கள். எவ்வளவு வற்புறுத்தினாலும் குடிக்க மாட்டார்கள். நான் வற்புறுத்திப் பார்த்துவிட்டேன்.

போன வருடம், குளிர் விட்டும் விடாமலும் இருந்த ஒரு சனிக்கிழமை காலை. ஸ்டட்கார்ட் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், மூன்றாம் மாடி வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். துணி மடிப்பதில் உயிருக்கு ஆபத்தானது எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு போர்வையின் நான்கு மூலைகளைச் சேர்க்கும் நேரத்தில் நெஞ்சு இறுகியது. இடது கை மரத்துப்போனது. மூச்சு உள்ளே போனது, வெளியே வர மறுத்தது. நாற்பத்திரண்டு வயதில், பாதி மடித்த போர்வையோடு செத்துக்கொண்டிருக்கிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கணவர் செந்தில் ரொட்டி வாங்கப் போயிருந்தார். பதினான்கு வயது மகள் இனியாதான் அவசர எண்ணுக்கு அழைத்தாள். தெருப் பெயர், வீட்டு எண், மாடி, அழைப்பு மணியில் எழுதியிருக்கும் பெயர் என்று எல்லாவற்றையும் வரிசையாக ஜெர்மனில் சொன்னாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களாம். பெற்றவள் சாகும்போது எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகள் இப்படியா நடந்துகொள்வார்கள் என்று அந்த நிலையிலும் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

இரண்டு பேர் வந்தார்கள். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். செந்திலுக்குச் சொந்த ஊர் பவானி என்பதால் எங்கள் ஹாலில் எப்போதும் ஒரு ஜமக்காளம் விரித்திருக்கும். அதன் மேல் பூட்ஸ் காலோடு ஏறி நின்று, என் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். தாடி வைத்திருந்தவன் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "உங்கள் இதயம் அருமையாக இருக்கிறது. இது பேனிக் அட்டாக். பயம்தான்."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்ததோ வெட்கம். ஒன்றுமில்லாததற்கு இரண்டு ஆட்களை விடுமுறை நாளில் மூன்று மாடி ஏற வைத்துவிட்டேனே. வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வயிற்றோடு எப்படி அனுப்புவது? ஒயர்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்து, காப்பி போடுகிறேன் உட்காருங்கள் என்றேன். வேண்டாம் என்றார்கள். பால் தயாராக இருக்கிறது, இரண்டே நிமிடம் என்றேன். வேண்டாம் என்றார்கள். அப்படியென்றால் முறுக்காவது சாப்பிடுங்கள் என்று டப்பாவைத் திறந்தேன். தாடிக்காரன் இனியாவைப் பார்த்து, "உன் அம்மாவை உட்காரச் சொல்" என்றான்.

அவர்கள் போன பிறகு இனியா கேட்டாள்: "அம்மா, நீங்க அஞ்சு நிமிஷம் முன்னாடி செத்துட்டு இருந்தீங்க. அப்புறம் ஏன் முறுக்கு?"

நான் டப்பாவை அவள் பக்கம் நீட்டினேன்.

2

அடுத்த வாரம் குடும்ப டாக்டரிடம் போனேன். வயதானவர், நிதானமானவர். எதற்கெல்லாம் பயம் வருகிறது என்று கேட்டார். சொன்னேன். அலுவலகத்துக்குப் போகும் வழியில் ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது. அதற்குள் போகப் பயந்து தினமும் மலையைச் சுற்றிக்கொண்டு போகிறேன். லிஃப்டில் ஏறுவதில்லை. மீட்டிங்கில் கதவுக்குப் பக்கத்து நாற்காலி கிடைக்காவிட்டால் தலைவலி என்று வீட்டுக்கு வந்துவிடுகிறேன். மென்பொருளில் எங்கெங்கே தப்பு வரலாம் என்று யோசித்துக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அதற்குத்தான் சம்பளம். என் மூளை அதே வேலையை வீட்டிலும் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தது.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மனநல சிகிச்சைக்குப் பரிந்துரை செய்யட்டுமா? விருப்பமா?" என்றார்.

"ஐயோ, வேண்டாம் டாக்டர். உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்றேன்.

அவர், "சரி" என்றார்.

இந்தச் 'சரி' எவ்வளவு பெரிய அநியாயம் என்பது கோயமுத்தூர்ப் பக்கத்து ஆட்களுக்குத்தான் புரியும். எங்கள் பக்கத்தில் ஒரம்பரை வீட்டுக்கு, அதாவது சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால், காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டதும் தலையாட்டிவிடக் கூடாது. வேண்டாமுங்க, இப்பத்தான் குடிச்சோம் என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரர்கள் மறுபடி கேட்பார்கள். மறுபடி வேண்டாம் என்று சொல்ல வேண்டும். முதல் வேண்டாம் மரியாதைக்கு, இரண்டாவது வளர்ப்புக்கு. மூன்றாவது தடவைதான், "அப்ப அரை டம்ளர் போதுமுங்க" என்று இறங்கி வர வேண்டும். வருவது எப்படியும் முழு டம்ளராகத்தான் வரும். முதல் தடவையே "கொடுங்க" என்று கேட்டு வாங்கிக் குடித்த ஒரு மருமகளைப் பற்றி எங்கள் ஊரில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்குப் பேரன் பிறந்துவிட்டான்.

ஆகவே நான் நகராமல் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் இன்னொரு தடவை கேட்பார். அவர் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். "வேறு ஏதாவது?" என்றார். ஆஹா, இரண்டாவது தடவை கேட்டுவிட்டார் என்று நினைத்து, "வேண்டாம், வேண்டாம்" என்றேன். அவர் எழுந்து நின்று கை கொடுத்தார். வெளியே வந்துவிட்டேன். பத்தொன்பது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன், வரியெல்லாம் ஒழுங்காகக் கட்டுகிறேன், இது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

காரில் காத்திருந்த செந்தில் என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன்.

"வேணும்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எடுத்த எடுப்புல எப்படிங்க சொல்றது? இன்னொருக்காக் கேப்பாருன்னு பார்த்தேன்."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார். "நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு என்னைக் கேட்காமலேயே சுரங்கப்பாதை இல்லாத பாதையில் வண்டியைத் திருப்பினார். அன்று அது எனக்குப் பெரிய உதவியாகத் தெரிந்தது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

3

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பயம் வந்ததில்லை. கேஸ்தான் வந்திருக்கிறது.

அம்மாவும் அப்பாவும் கருமத்தம்பட்டியில் இருக்கிறார்கள். வீட்டை ஒட்டி விசைத்தறி ஷெட். தறிச் சத்தத்தில் அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. அதனாலேயே எங்கள் வீட்டில் நிம்மதியாக இருக்கும் ஒரே ஆள் அவர்தான். தொழிலைப் பார்ப்பதெல்லாம் அம்மா. நூல் ஏஜெண்டுகள் அம்மாவைக் கண்டால் பைக்கைத் திருப்பிக்கொள்வார்கள். கரண்ட் ஆபீஸில் போய்ச் சண்டை போட்டு ஒரே நாளில் கம்பம் மாற்றி வாங்கியவர். அப்படிப்பட்டவருக்கு கேஸ் மட்டும் உண்டு. பஸ் அவிநாசியைத் தாண்டினால் வரும். கோயிலில் சன்னதிக்குள் கூட்டம் சேர்ந்தால் வரும். கல்யாண மண்டபத்தில் நடு வரிசையில் உட்கார வைத்தால் கட்டாயம் வரும். கை நடுங்கும், வேர்க்கும், நெஞ்சை அடைக்கும். ஓம வாட்டர், கோலி சோடா, சுக்குக் கசாயம் என்று குடித்தபடியே அம்மா இத்தனை காலத்தை ஓட்டிவிட்டார். எந்த விசேஷத்துக்குப் போனாலும் வாசல் பக்கம் உட்கார்ந்துகொள்வார். செருப்பு தொலையாம பாத்துக்கலாம் என்பார்.

இப்போது கதைக்குள் என் தம்பி வருகிறான். கார்த்திக்கு முப்பத்தேழு வயது. பீளமேட்டில் ஐ.டி. வேலை, சொந்த வீடு, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. பெண் கிடைக்கவில்லை. எங்கள் பக்கம் இந்த வயதில் இப்படி எத்தனை பையன்கள் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஜாதகம் பார்த்துப் பார்த்து ஜோசியருக்கே கண்ணாடி பவர் கூடிவிட்டது. கடைசியில் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு இடம் அமைந்தது. பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. அம்மா அன்று போனில் குரலைத் தாழ்த்திப் பேசினார். சத்தமாகச் சொன்னால் சம்பந்தம் பறந்துவிடும் என்பது போல.

கல்யாணம் என்றால் இணைச்சீர் உண்டு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள், மணப்பெண்ணுக்குச் சமமாகச் சிங்காரித்துக்கொண்டு, இடுப்பில் கூடையோடு மேடையில் நிற்க வேண்டும். கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அவள் கூடையில் இருக்கும், மறு தலைப்பு மாப்பிள்ளை கையில் இருக்கும். உனக்குக் கல்யாணமானாலும் நம் உறவு விட்டுப்போகாது என்று ஊர் முன்னால் சொல்வதற்கான சீர் அது. கூடப் பிறந்தவள் இல்லாவிட்டால் பெரியப்பா மகளை நிறுத்தலாம், தப்பில்லை. ஆனால் கார்த்திக்கு நான் ஒருத்தி இருக்கிறேன். பத்து மணி நேரம் விமானத்தில் உட்கார வேண்டும் என்று நினைத்தாலே எனக்கு உள்ளங்கால் வேர்த்தது. லிஃப்டில் பத்து நொடி நிற்க முடியாதவள் நான்.

டிக்கெட் போட்டாயா என்று அம்மா வீடியோ காலில் கேட்டபோது நான் மழுப்பினேன். பக்கத்தில் இருந்த இனியா தலையை நீட்டினாள்.

"அம்மிச்சி, அம்மாக்கு பேனிக் அட்டாக். ஆம்புலன்ஸ் வந்துச்சு. ஹார்ட் நல்லா இருக்கு. பயம் மட்டும் கெட்டுப் போச்சு."

அம்மா திரையில் அசையாமல் இருந்தார். இணைப்பு போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

"கேஸா இருக்கும் கண்ணு" என்றார் கடைசியில். "ராத்திரி கெழங்கு ஏதாச்சும் தின்னாளா?"

அரை மணி நேரம் கழித்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இங்க பாரு அம்மணி. பொண்ணூட்டுக்காரங்களுக்கு இது தெரிஞ்சா, பொறவு அந்தூட்டுப் புள்ளைக்குப் பைத்தியம்னு ஊரே பேசிப்போடும். முப்பத்தேழு வயசுல அவனுக்கு ஒண்ணு அமைஞ்சிருக்குது. கல்யாணம் முடியற வரைக்கும் வாயத் தொறக்காதே."

"நான் ஒருவேளை வர முடியலீன்னா?"

"வராம எப்படி? கேஸுக்குப் பயந்துட்டு யாராச்சும் தம்பி கல்யாணத்துக்கு வராம இருப்பாங்களா?"

சாயங்காலம் கார்த்தி கூப்பிட்டான். அம்மா அவனிடம் எதையோ சொல்லியிருக்க வேண்டும். "சிரமமா இருந்தா பரவால்லீங்கக்கா. பெரியப்பா மகளை நிறுத்திக்கலாம். நீங்க ஒடம்பப் பாருங்க" என்றான். ஒவ்வொரு வார்த்தையும் தங்கம். நானும் அந்த ஊர்க்காரிதானே, அது முதல் 'வேண்டாம்' என்று எனக்குத் தெரியாதா? நான் போகாவிட்டால் அவன் வாழ்நாள் முழுக்க ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். அதுதான் என்னை உறுத்தியது.

4

மறுபடி டாக்டரிடம் போனேன். வரவேற்பில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "போன தடவை சிகிச்சை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்களே?" என்றாள்.

"ஆமாம். அது எங்கள் ஊர் வழக்கம்" என்றேன்.

அவள் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. டாக்டர் மறுபடி கேட்டார். காரில் வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் "வேண்டும்" என்று கத்தினேன். அவர் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டார்.

சம்மதம் சொன்னதும் சிகிச்சை கிடைத்துவிடும் என்று நினைத்தவள் நான். இங்கே மனநல நிபுணர்கள் வாரத்தில் ஏதோ ஒரு நாள் அரை மணி நேரம்தான் போன் எடுப்பார்கள். மற்ற நேரமெல்லாம் பதிவு செய்த குரல், இடம் இல்லை என்று சொல்லும். செவ்வாய்க்கிழமை ஒருத்தர், வியாழக்கிழமை ஒருத்தர். நானும் செந்திலும் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு, மணி அடிக்கும் முன்பே எண்ணை அழுத்தித் தயாராக நிற்போம். தட்கல் டிக்கெட் எடுத்துப் பழகிய விரல்கள் என்பதால் சமாளித்தோம். சாகப்போகிறேன் என்று நடுங்குகிறவளை வியாழக்கிழமை பத்தரைக்குக் கூப்பிடு என்று சொல்கிற நாடு இது. கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் ஒரு வாரம் பயமே வரவில்லை.

கடைசியில் ஃப்ராவ் லிண்ட்னர் என்ற அம்மையார் கிடைத்தார். அறுபது வயது இருக்கும். அறையில் மூன்று நாற்காலிகள், ஒரு டிஷ்யூ டப்பா. நான் கதவுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். எப்படி இருக்கிறீர்கள் என்றார். நன்றாக இருக்கிறேன், நீங்கள் சாப்பிட்டீர்களா என்றேன். சாப்பிட்டேன் என்றார். உங்கள் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். "உங்களைப் பற்றிப் பேசலாமா?" என்றார். நான் டிஷ்யூ டப்பாவைப் பார்த்தேன். பிறகு நேரம் முடியும் வரை அழுதேன். பத்தொன்பது வருடத்தில் இந்த நாட்டில் யார் முன்னாலும் அப்படி அழுததில்லை. என் ஜெர்மன் இலக்கணம் முழுக்க உடைந்துபோனது. அவர் திருத்தவில்லை.

அவர் சொல்லிக்கொடுத்தது கேட்பதற்குச் சின்ன விஷயம். பயம் ஏறும், உச்சியில் கொஞ்சம் நிற்கும், தானாக இறங்கும். நாம் ஓடினால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று உடம்பு நம்பிக்கொள்ளும். ஆகவே ஓடாதே, நில். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம்மவர்கள் சொன்னதோடு நிறுத்திவிட்டார்கள். பேய் வந்தால் நாற்காலி போட்டு உட்கார வை என்கிறார் இந்த அம்மையார். கூடவே இன்னொரு டாக்டர் தினம் ஒரு மாத்திரையும் எழுதிக்கொடுத்தார்.

பயிற்சிக்காக ஒரு துணிக்கடையின் லிஃப்டில் இனியாவோடு ஏறி இறங்கினேன். எதுவும் வாங்காமல் மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்ததில், கடைப் பெண் வந்து உதவி வேண்டுமா என்றாள். "அம்மா பிராக்டிஸ் பண்றாங்க" என்று இனியா ஜெர்மனில் பளிச்சென்று சொல்லிவிட்டாள். வெட்கமே இல்லாமல் வளர்ந்திருக்கிறாள். தமிழ் எழுத வராது, பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்க வராது. எனக்கு என்ன நோய் என்று யாரிடமும் சொல்ல அவளுக்கு நாக்கு கூசவில்லை. கைமீறிப் போகிறாள் என்று நான் பயந்த பிள்ளைதான் அந்த லிஃப்டில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் ஃப்ராவ் லிண்ட்னர் கேட்டார்: "உங்கள் வீட்டில் வேறு யாராவது கதவுக்குப் பக்கத்தில் உட்காருவார்களா?"

இல்லை என்றேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஞாபகம் வந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

5

விமானத்தில் பயம் வந்தது. வராமல் இருக்குமா? இனியா ஒரு பக்கம் உட்கார்ந்து, மூச்சை இழு, விடு என்று ராணுவ அதிகாரி மாதிரி உத்தரவு போட்டாள். செந்திலுக்குப் பின் வரிசையில்தான் இடம் கிடைத்தது. இன்னொரு பக்கத்தில் திருப்பூர் பனியன் ஏற்றுமதிக்காரர் ஒருவர். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இஞ்சி மிட்டாயை நீட்டி, "கேஸுங்களா?" என்றார். ஆமாமுங்க என்றேன். பயம் ஏறியது, நின்றது, இறங்கியது. கண்ணைத் திறந்தபோது சாப்பாட்டுத் தட்டு வந்திருந்தது. தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.

மண்டபம் அவிநாசி ரோட்டில். காலையில் அலங்கார அறையில் அம்மா என் நெற்றிச்சுட்டியைச் சரிசெய்தபடி காதோரம் சொன்னார்: "சிரிச்ச மூஞ்சியா நில்லு கண்ணு. மாத்திரையை யாரு முன்னாலயும் போட்டுப் போடாதே. ஆயிரம் பொய் சொல்லிக்கூட ஒரு கல்யாணத்தைப் பண்ணலாம்னு சும்மாவா சொன்னாங்க."

மேடை ஏறினேன். சீர் செய்து வைக்கும் பெரியவரை அருமைக்காரர் என்போம். அவர் கூடையை என் இடுப்பில் வைத்து, சேலைத் தலைப்பைக் கார்த்தி கையில் கொடுத்தார். மேளம், ஊதுபத்திப் புகை, முன் வரிசை முழுக்கப் பெண் வீட்டார். வீடியோக்காரர் விளக்கை என் முகத்துக்கு நேராகத் திருப்பினார். நெஞ்சு இறுகியது. ஓடு என்றது உடம்பு. ஓடினால் கூடை வரும், கூடையோடு சேலை வரும், சேலையோடு மாப்பிள்ளையும் வருவான். நின்றேன். கூடை தடதடவென்று ஆடியது.

"அக்கா, என்னாச்சுங்க?" என்றான் கார்த்தி மெதுவாக.

அதற்குள் பெரியம்மா இரண்டாம் வரிசையிலிருந்து எழுந்துவிட்டார். "கேஸு, கேஸு. சோடா கொண்டாங்க." மேளம் நின்றது. சோடா வந்தது, ஓம வாட்டர் வந்தது. யாரோ முதுகைத் தட்டினார்கள். பெண்ணின் அம்மாவே ஒரு கையில் சோடாவோடு மேடைக்கு வந்து, "கேஸுங்களா அம்மணி?" என்று கேட்டார்.

மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. ஆமாமுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், குடும்ப மானம் தப்பிக்கும். அம்மாவின் முகத்தைத் தேடினேன். அவர் நாற்காலி காலியாக இருந்தது. அப்பா மட்டும் எதுவும் காதில் விழாமல் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். ஆயிரம் பொய் சொல்லலாம்தான். ஆயிரத்தொன்றாவதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"கேஸ் இல்லீங்க. பயமுங்க" என்றேன். "எனக்கு இப்படி வரும். டாக்டர்கிட்டப் பாத்துட்டு இருக்கறனுங்க. சித்த நேரத்துல போயிரும். நான் இங்கயே நிக்கறேன்."

பெண்ணின் அம்மா என்னையும் பார்த்தார், மாப்பிள்ளையையும் பார்த்தார். அந்த இடைவெளியில் என் தம்பியின் கல்யாணத்தை நானே கலைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"அப்படீங்களா" என்றார். "அப்ப நிதானமா ஆகட்டுமுங்க. முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் கெடக்குது." பிறகு கொண்டுவந்த சோடாவை என்ன செய்வதென்று தெரியாமல் அவரே குடித்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

கார்த்தி சேலைத் தலைப்பைத் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான். "நில்லுங்கக்கா. நீங்க வரோணும்னுதான் எனக்கு ஆசை. சொல்லத் தெரியாமச் சொன்னேன்" என்றான். எனக்குக் கண்ணீர் வந்து மையெல்லாம் கரைந்தது. பயம் இறங்கியது. கூடை ஆடுவது நின்றது. அருமைக்காரர் ஒன்றுமே நடக்காதது போல விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

சீர் முடிந்ததும் அம்மாவைத் தேடிப் போனேன். மண்டபத்துக்கு வெளியே, பெண் வீட்டார் வந்த வேனின் பக்கக் கண்ணாடியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். பட்டுச்சேலை முதுகில் ஒட்டும்படி வேர்த்திருந்தது. நான் மேடையில் நடுங்க ஆரம்பித்ததைப் பார்த்ததும் அவர் வெளியே ஓடிவந்திருக்கிறார்.

"கல்யாணம் நின்னு போச்சா?" என்றார்.

"இல்லீங்கம்மா. சம்பந்தியம்மா சோடா குடிச்சுட்டு இருக்கறாங்க."

"உள்ள ஒரே புழுக்கமா இருந்துது. கேஸு."

 அவர் விரல்களைக் கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். நடுக்கம் எனக்கு வருவது மாதிரியேதான் இருந்தது, விரல் நுனியில் தொடங்கி முழங்கை வரைக்கும். நாற்பத்திரண்டு வருடம் பக்கத்தில் இருந்தும், தூர இருந்தும் பார்த்த கை அது.

"அம்மா, பீளமேட்டுல ஒரு டாக்டர் இருக்கறாங்களாம். நான் கூட்டிட்டுப் போறேன்."

"எனக்கெதுக்கு? வேண்டாம்."

"சும்மா ஒருக்காப் பாத்துட்டு வந்துரலாம்."

"எனக்கென்ன கேடு? தறியைப் பாக்கறதா, டாக்டரைப் பாக்கறதா? வேண்டாம் கண்ணு."

நான் அந்த ஜெர்மன் டாக்டர் இல்லை. மூன்றாவது தடவையும் கேட்டேன்.

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "மத்தியானத்துக்கு மேல போலாம்" என்றார். "காலைல நூல் வண்டி வரும்."

பிறகு இருவரும் உள்ளே போனோம். தாலி கட்டி முடியும் வரை மேடையில் அம்மா என் கையை விடவில்லை. அவர் நகம் பதிந்த தடம் மத்தியானச் சாப்பாட்டின்போதும் போகாமல் இருந்தது.

6

மறுவாரம் பீளமேட்டுக்குப் போனோம். கல்லூரிப் பையன்கள் பைக்கில் பறக்கும் தெருவில் ஒரு மாடி கிளினிக். மனநல மருத்துவர் என்ற பலகைக்குக் கீழே இறங்கினால் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று, அம்மா பக்கத்து நகைக்கடை வாசலில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். வரவேற்பில் இருந்த பெண்ணிடம், "என்ற மகளுக்குங்க. வெளிநாட்டுல இருக்கறா, பாவம்" என்றார். நான் பாவமாக முகத்தை வைத்துக்கொண்டேன்.

காத்திருக்கும் அறையில் எங்கள் ஊர் நூல் ஏஜெண்ட் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அம்மாவைக் கண்டதும் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்தார். அம்மா முந்தானையை இழுத்து முகத்தை மறைத்தார். கொஞ்ச நேரம் இருவரும் அப்படியே இருந்தார்கள். பிறகு வேறு வழியில்லாமல் அவர், "ஒரு பிரண்டைக் கூட்டிட்டு வந்தனுங்க" என்றார். "நானும் மகளைக் கூட்டிட்டு வந்தனுங்க" என்றார் அம்மா. மழை இல்லை, நூல் விலை தாறுமாறாகக் கிடக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். பெயர் கூப்பிட்டதும் அவர் தனியாக எழுந்து உள்ளே போனார். பிரண்டு யாரும் வரவில்லை. அம்மா அதைக் கவனித்தார்.

எங்கள் முறை வந்தது. டாக்டர் என்னைவிடச் சின்னவர். மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சொல்லுங்கம்மா. யாருக்குப் பாக்கோணும்?" என்றார்.

நான் பேசத்தான் வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன். மேலே மின்விசிறி சுற்றியது. அம்மா மடியில் இருந்த கைப்பையை மேசை மேல் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"எனக்குத்தானுங்க" என்றார்.

"எத்தனை நாளா இருக்குதுங்கம்மா?"

அம்மா திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தார்.

"இவ வயித்துல இருக்கறப்ப இருந்துங்க."